பட்டனைத் தட்டினால் பிரிஸ்கெட் வந்துவிடுமா?

அமெரிக்காவில் மே மாதம் பிறந்தால் வீட்டுச் சாமான் கடைகளின் வாசலில் கிரில்கள் வரிசைகட்டி நிற்கும். கேஸ் கிரிலுக்கும் கரி கிரிலுக்கும் நடுவே, பக்கவாட்டில் ஒரு பெட்டியும் முகப்பில் ஒரு டிஜிட்டல் திரையுமாக நிற்கிற பெல்லட் ஸ்மோக்கரைச் சுற்றித்தான் சில ஆண்டுகளாகக் கூட்டம். டாலஸ், ஹூஸ்டன் புறநகர்களில் கொல்லைப்புறத்தோடு வீடு வாங்கிய தமிழர்களும் அதில் உண்டு. "விறகு பிளக்க வேண்டாம், ராத்திரி முழிக்க வேண்டாம், பட்டனைத் தட்டினால் காலையில் பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) தயார்" என்பது விற்பவர் பேச்சு. "அது பார்பிக்யூவே இல்லை, கொல்லையில் வைத்த கரண்ட் அடுப்பு" என்பது ஓக் விறகைத் தவிர வேறெதையும் ஏற்காத வைதீகர்களின் பேச்சு. முதல்முறை வாங்க வருபவர் இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். என்னைக் கேட்டால், இரண்டு கட்சியுமே அந்தப் பெட்டிக்குள் எரியும் தீயைக் குனிந்து பார்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டால் கதைகளில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில் மரத்தூளை அழுத்திச் சிறு குச்சிகளாக, அதாவது பெல்லட்டாக, மாற்றி வீட்டுக் கணப்புக்கு எரிக்கும் வழக்கம் வந்தது. ஓரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் கணப்புத் தொழிலில் இருந்த ஜோ டிரேகர், 1980களின் நடுவில் அதே எரிபொருளைக் கிரிலுக்குக் கொண்டுவந்தார். அவருடைய காப்புரிமைக் காலம் முடிந்த பிறகுதான் மற்ற கம்பெனிகள் புகுந்தன, விலையும் கீழே வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. பக்கப் பெட்டிக்கு ஹாப்பர் என்று பெயர். அதில் சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பெல்லட்டைக் கொட்டுகிறோம். ஆகர் என்கிற திருகு, மோட்டாரில் சுழன்று, கொஞ்சம் கொஞ்சமாக அதை நடுவிலுள்ள தீக்கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. மின்சாரத்தில் சூடாகும் ஒரு கம்பி முதல் தீயை மூட்டுகிறது. ஃபேன் காற்றை ஊதுகிறது. தீக்கு மேல் ஒரு தகடு, அதற்கு மேல் கொழுப்பு வடியும் தட்டு, அதற்கும் மேலேதான் இறைச்சி கிடக்கும் கம்பித்தட்டு. உள்ளே எவ்வளவு சூடு என்று ஒரு சென்சார் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு ஆகரையும் ஃபேனையும் ஆட்டுவிக்கிறது கன்ட்ரோலர். ஆக, உள்ளே எரிவது காற்று தாராளமாகக் கிடைக்கிற, மிகச் சிறிய, மிகச் சுத்தமான ஒரு விறகுத் தீ. இந்தக் கருவியின் அருமையும் அதுதான், குறையும் அதுதான்.

"பிளக் சொருகுவதெல்லாம் அசல் பார்பிக்யூ ஆகாது"

வைதீகர்களின் முதல் குற்றச்சாட்டு இது. எலெக்ட்ரிக் ஸ்மோக்கர் என்று வேறொரு கருவி இருக்கிறது, அதில் சூடு தருவது மின்கம்பிதான். பெல்லட் ஸ்மோக்கர் அந்த ஜாதி இல்லை. தீ மூட்டும் முதல் சில நிமிடங்களில் சுமார் 300 வாட் இழுக்கும். பிறகு ஃபேனுக்கும் ஆகருக்கும் திரைக்குமாக 50 வாட் அளவில் அடங்கிவிடும். இறைச்சியை வேகவைப்பது முழுக்க மரத்தின் சூடு. அமெரிக்காவில் பார்பிக்யூ போட்டிகளை நடத்தும் கான்சஸ் சிட்டி பார்பெக்யூ சொசைட்டி, கேஸ் சூட்டையும் மின்சூட்டையும் சமையலுக்கு அனுமதிப்பதில்லை, மரம், கரி ஆகியவற்றோடு பெல்லட்டை அனுமதிக்கிறது. வழக்கு அதோடு முடிந்தது.

"புகை மணம் ஆஃப்செட்டுக்குக் குறையாது"

இது விற்பவர் கட்சியின் கதை. வாங்கிய பிறகு மிகுதியான ஏமாற்றம் இங்கிருந்துதான் வருகிறது.

ஆஃப்செட் என்பது பக்கத்தில் தனி நெருப்புப் பெட்டி வைத்த, கட்டை விறகால் எரியும் பெரிய உருளை. ஆஸ்டினில் 2009-ல் தொடங்கிப் புகழ்பெற்ற ஃபிராங்க்ளின் பார்பிக்யூவில் போஸ்ட் ஓக் கட்டைகளை எரிப்பது அப்படிப்பட்ட உருளைகளில்தான். அதில் முக்கால் மணிக்கு ஒருமுறையாவது கட்டை போட வேண்டும், காற்றுவழியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பாட்டுக்குக் கூலியாக ஆழமான புகை மணம் கிடைக்கிறது.

பெல்லட்டில் அது ஏன் வருவதில்லை? விறகடுப்பின் முன் உட்கார்ந்து ஊதாங்குழலால் ஊதியவர்களுக்குப் பதில் தெரியும். ஊதும்வரை புகைந்துகொண்டிருந்தது, ஊதியதும் குப்பென்று பற்றிக்கொள்ளும், புகை மறைந்துவிடும். பெல்லட் ஸ்மோக்கரின் ஃபேன் செய்வது அந்த ஊதாங்குழலின் வேலை. காய்ந்த, சிறிய எரிபொருள், நிறையக் காற்று. மரத்திலிருந்து கிளம்பும் புகையில் பெரும்பகுதி அந்தத் தீயிலேயே எரிந்துபோகிறது. அதனால் மணம் மென்மையாகத்தான் இருக்கும். இருமல் வரவழைக்கும் அடர்ந்த வெள்ளைப் புகையில் வெந்த இறைச்சியின் கசப்பு இதில் வராது என்பது நல்ல பக்கம். புகை மணம் அதிகம் பழகாத வீடுகளில், குழந்தைகள் தட்டிலிருந்து ஒதுக்காமல் சாப்பிடுவது பெரும்பாலும் பெல்லட்டில் வெந்ததைத்தான்.

சூடு கூடக் கூடப் புகை குறையும் என்பதையும் கடையில் சொல்வதில்லை. 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் தீ சற்று தணிந்து தணிந்து எரிவதால் புகை உண்டு. 350-க்கு மேல் போனால் கிட்டத்தட்ட ஓவன்தான். எனவே புகை வேண்டுமென்றால் முதல் மூன்று மணி நேரம் 180 முதல் 225-க்குள் வைத்துவிட்டு, பிறகு ஏற்றலாம். இறைச்சியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த குளிரோடு, ஈரம் மாறாமல் வையுங்கள். குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில்தான் புகை நன்றாக ஒட்டும். அப்படியும் போதாதவர்கள், ஓட்டை போட்ட உலோகக் குழாயில் பெல்லட்டை நிரப்பி ஒரு முனையில் கொளுத்தி உள்ளே வைத்துவிடுகிறார்கள். குறைந்த காற்றில் அது புகைந்துகொண்டே இருக்கும். விலை அதிகமில்லாத தந்திரம், பலன் நிச்சயம்.

வெட்டிய பிரிஸ்கெட்டின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைக் காட்டி "பார், புகை எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது" என்று பெருமைப்படுவதும் இதோடு சேர்ந்த கதைதான். எரியும்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்ஸைடும் கார்பன் மோனாக்ஸைடும் இறைச்சியிலுள்ள மயோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைக்கவைக்கின்றன. அது நிறம், ருசி அல்ல. நைட்ரைட் கலந்த உப்பைத் தடவினால் புகையே இல்லாமலும் அந்த வளையம் வரும். அதனாலேயே மேலே சொன்ன போட்டிகளில் நடுவர்கள் வளையத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை.

"போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்"

போகலாம். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

225 டிகிரியில் மணிக்கு ஒன்று முதல் இரண்டு பவுண்டு பெல்லட் செலவாகும். வீட்டு ஸ்மோக்கர்களின் ஹாப்பர் பெரும்பாலும் 18, 20 பவுண்டு கொள்ளும். கணக்கு ஒரு இரவுக்குச் சரியாகத்தான் வருகிறது. ஆனால் கணக்கில் வராத ஒன்று நடக்கும். ஆகருக்கு நேர்மேலே இருக்கும் பெல்லட் மட்டும் இறங்கி, சுற்றிலும் உள்ளது சரியாமல் நின்று, நடுவில் குகை விழுந்துவிடும். ஹாப்பர் பாதி நிறைந்திருக்கும், தீ பட்டினியில் அணைந்திருக்கும். படுக்கப் போகுமுன் கையால் ஒரு கிளறு கிளறிவிடுவது பத்து வினாடி வேலை.

அணைந்தே போனால் அவசரப்பட்டு மறுபடி பட்டனைத் தட்டாதீர்கள். சூடு குறைகிறதே என்று கன்ட்ரோலர் அதற்குள் தீக்கிண்ணம் நிரம்பி வழியப் பெல்லட்டைத் தள்ளியிருக்கக்கூடும். அத்தனையும் ஒன்றாகப் புகைந்து, சேர்ந்த வாயு ஒரே நேரத்தில் பற்றினால் மூடி தூக்கிப்போடும். பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலிசெய்துவிட்டுத்தான் மூட்ட வேண்டும். சமையல் முடிந்த நேரத்தில் இதற்கு நேர் எதிர்: அப்போது பிளக்கைப் பிடுங்கவே கூடாது. ஷட் டவுன் பட்டனை அழுத்தினால் மிச்சமுள்ள பெல்லட் எரிந்து தீரும்வரை ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். அதை நடுவில் நிறுத்தினால் கங்கு ஆகர் வழியாக ஹாப்பரை நோக்கிப் பின்னேற வாய்ப்புண்டு.

கருவியில் கோளாறே இல்லாமல் புதியவர்களைப் பதறவைப்பது இன்னொன்று. பிரிஸ்கெட்டின் உட்சூடு 150, 160 டிகிரி வரை மளமளவென்று ஏறி, அங்கேயே மணிக்கணக்கில் நின்றுவிடும். பார்பிக்யூக்காரர்கள் இதை ஸ்டால் என்பார்கள். கெட்டுப்போன சென்சார் என்று நினைத்துச் சூட்டை ஏற்றுபவர்கள் உண்டு, கொழுப்பு உருகுகிறது என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் சோதித்துக் காட்டியது வேறு: இறைச்சியின் ஈரம் மேற்பரப்பில் ஆவியாகும் வேகமும், அடுப்பு தரும் சூடும் அந்த நேரத்தில் சமமாக நிற்கின்றன. வியர்வை ஆறினால் உடல் குளிர்கிற அதே கணக்கு. ஃபேன் காற்று ஓடிக்கொண்டிருக்கும் பெல்லட்டில் இது இன்னும் நன்றாகவே நடக்கும். பொறுத்திருக்கலாம், அல்லது புட்சர் பேப்பரிலோ அலுமினியத் தாளிலோ சுற்றிவிடலாம். சுற்றினால் ஆவி தங்கிச் சூடு ஏறும், மேலோட்டின் மொறுமொறுப்பு கொஞ்சம் போகும்.

பராமரிப்பே தேவையில்லை என்பதும் இந்தக் கதையின் வால்தான். நல்ல பெல்லட்டின் சாம்பல் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் சின்னக் கிண்ணத்துக்கு அதுவே அதிகம். இரண்டு மூன்று நீண்ட சமையலுக்கு ஒருமுறை, ஆறிய பிறகு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட வேண்டும். கொழுப்புத் தட்டைச் சுரண்டாமல் விட்டு, அடுத்த வாரம் 450-க்கு ஏற்றினால் அந்தக் கொழுப்பு பற்றிக்கொள்ளும். பெல்லட் ஸ்மோக்கரில் தீ விபத்து என்றால் பெரும்பாலும் இதுதான்.

"இது ஒன்று இருந்தால் வேறு அடுப்பே வேண்டாம்"

ஸ்மோக், கிரில், பேக், ரோஸ்ட் என்று அட்டைப்பெட்டியின் மேல் வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். ஸ்மோக், பேக், ரோஸ்ட் மூன்றும் உண்மை. கிரில் என்பதுதான் இடிக்கிறது. தீக்கும் இறைச்சிக்கும் நடுவே இரண்டு தகடுகள் இருக்கின்றன. பெரும்பாலான மாடல்களின் உச்சச் சூடு 450 முதல் 500 டிகிரி. ஸ்டேக்கின் மேல் கரும்பழுப்பு ஓடு கட்டுவதற்கு இது போதாது. சில மாடல்களில் நடுத்தகட்டைச் சற்று நகர்த்தி நேரடித் தீயில் காட்ட வழியுண்டு, சிலவற்றில் பக்கத்தில் தனி பர்னர் பொருத்தலாம். நம் வீடுகளில் இரண்டும் அவசியமில்லை. 225-ல் புகையில் வைத்து, உட்சூடு 115-ஐத் தொட்டதும் எடுத்து, அடுப்பில் நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் போதும்.

தந்தூரி ஆசையையும் இங்கேயே தணித்துவிடுகிறேன். தந்தூர் அடுப்பின் சூடு 900 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடக்கூடியது. பெல்லட்டில் வரும் மசாலாக் கோழி நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறு பண்டம். சுட்ட கத்தரிக்காயும் அப்படித்தான். உள்ளே குழைந்துவிடும், தோல் கருகாது, கொத்சுக்கு வேண்டிய அந்தச் சுட்ட வாசம் முழுதாக வராது. கோழியைத் தோலோடு வைக்கும்போது இன்னொரு விஷயம்: 225-ல் மெதுவாக வேகவைத்தால் தோல் ரப்பர் போல இழுக்கும். கோழிக்கு 350, 375 என்று வைப்பதே சரி. பழக்கதோஷத்தில் "லோ அண்டு ஸ்லோ" என்று எல்லாவற்றுக்கும் மந்திரம் சொல்லக் கூடாது.

"பையில் ஹிக்கரி என்றால் உள்ளேயும் ஹிக்கரி"

எல்லாப் பைகளிலும் அப்படி இல்லை. பல பைகளில் ஓக் அல்லது ஆல்டர் மரத்தூள்தான் அடிப்படை. பையில் பெயர் போட்ட மரம் ஒரு பங்கு கலந்திருக்கும். இதில் கலப்படம் என்று கொதிக்க ஒன்றுமில்லை, ஓக் நன்றாக, நிதானமாக எரியும் மரம். முழுக்க ஒரே மரம் வேண்டுமென்றால் 100 சதவீதம் என்று அச்சிட்ட பையைத் தேடி, கூடுதல் காசு கொடுக்க வேண்டும். ஆப்பிளா செர்ரியா என்று இரவெல்லாம் விவாதிக்கலாம். இவ்வளவு சுத்தமாக எரியும் தீயில் அந்த வித்தியாசத்தை நாக்கு கண்டுபிடிப்பது அரிது. மரத்தின் பெயரைவிடப் பெல்லட்டின் காய்ச்சல் முக்கியம். நல்ல பெல்லட் பளபளப்பாக இருக்கும், ஒடித்தால் டக்கென்று ஒடியும், பையின் அடியில் தூள் குறைவாக இருக்கும். ஈரம் பட்டால் மறுபடி மரத்தூளாகி உப்பும். ஆகருக்குள் அப்படி உப்பி இறுகினால் கழற்றித்தான் எடுக்க வேண்டும். மழைக்கு உறை போடுவதும், மிச்சத்தை மூடியுள்ள வாளியில் வைப்பதும் அதனால்தான்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டுக் கணப்புக்கு விற்கும் பெல்லட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதில் பைன் போன்ற பிசின் மரங்கள் இருக்கலாம், சமையலுக்கு ஆகாத வேறு எதுவும் இருக்கலாம். உணவுக்கானது என்று பையில் எழுதியிருக்க வேண்டும்.

"பெரிதாக, வைஃபையோடு வாங்கு"

சதுர அங்குலக் கணக்கில் மேல்தட்டையும் சேர்த்துக் கூட்டிப் பெரிய எண்ணாகப் போடுவது வழக்கம். கீழ்த்தட்டின் நீள அகலத்தை மட்டும் பாருங்கள். முழு பிரிஸ்கெட் ஒன்று மடங்காமல் கிடந்தால் நான்கைந்து பேர் வீட்டுக்கு அதுவே தாராளம். ஆண்டுக்கு இருமுறை வரும் விருந்துக்காகப் பெரிதாக வாங்கினால், மிச்ச நாளெல்லாம் காலி அறையைச் சூடாக்கப் பெல்லட் செலவாகும்.

நான் காசைப் போடச் சொல்லும் இடம் கன்ட்ரோலர். பழைய பாணிக் கன்ட்ரோலர்கள் இவ்வளவு வினாடி ஆகரை ஓட்டு, இவ்வளவு வினாடி நிறுத்து என்று கடிகாரக் கணக்கில் வேலை செய்பவை. குறித்த சூட்டிலிருந்து 20, 25 டிகிரி மேலும் கீழும் ஆடும். பிஐடி வகை, சூட்டின் போக்கைப் பார்த்து முன்கூட்டியே திருத்திக்கொள்ளும். குளிர்காலத்திலும் காற்றடிக்கும் நாளிலும் இதன் அருமை தெரியும். அடுத்தது தகட்டின் கனம். மூடியைத் தூக்கிப் பார்த்தால் கையே சொல்லிவிடும். மூன்றாவது, தீக்கிண்ணத்தையும் கொழுப்புத் தட்டையும் எவ்வளவு எளிதாக எடுக்க முடிகிறது என்பது. ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டால் நீங்கள் சுத்தம் செய்யப்போவதில்லை. ஹாப்பரின் அடியில் பெல்லட்டை வடித்தெடுக்கும் கதவு இருக்கிறதா, பக்கத்து ஊரிலாவது உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். தீ மூட்டும் கம்பியான இக்னைட்டர் தேய்ந்துபோகும் பாகம், என்றாவது மாற்ற வேண்டிவரும்.

வைஃபை வசதிதான், மறுக்கவில்லை. மழை நாளில் ஜன்னலோரம் இருந்து சூட்டைப் பார்ப்பது சுகம். ஆனால் ஃபோன் காட்டுவது கருவியின் சென்சார் இருக்கும் மூலையின் சூடு. இறைச்சி கிடக்கும் இடம் அதிலிருந்து வேறுபடலாம். நல்ல தனித் தெர்மாமீட்டர் ஒன்று, வைஃபைக்குக் கொடுக்கும் கூடுதல் காசைவிடப் பயன்தரும். கோழிக்கு 165 டிகிரி என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பு எல்லை. அதை மணியைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ ஊகிக்க முடியாது.

அமெரிக்காவில் ஆரம்ப மாடல்கள் 400, 500 டாலரிலிருந்து கிடைக்கின்றன. நான் சொன்ன மூன்றும் ஒன்றாகச் சேர்வது பெரும்பாலும் 800-லிருந்து 1,200 டாலருக்குள். அதற்கு மேலே கொடுப்பது கனத்த எஃகுக்கும் ஆடம்பரத்துக்கும். மாதத்தில் முக்கால்வாசி நாள் கெபாப், சாஸேஜ், ஸ்டேக் என்று அரை மணி நேரச் சமையல்தான் என்றால் இதை வாங்கவே வேண்டாம். கெட்டில் வடிவில் நல்ல கரி கிரில் ஒன்று கால்வாசி விலைக்கு வரும், அந்த வேலையை இதைவிட நன்றாகவும் செய்யும். அபார்ட்மென்ட்வாசிகள் பால்கனியில் வைக்க விதி அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல வளாகங்களில் தடை உண்டு. மூடிய கராஜுக்குள் எந்த நாளும் மூட்டக்கூடாது, கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. ஊருக்கு அனுப்பும் எண்ணமிருந்தால், அமெரிக்க மாடல்கள் 120 வோல்ட்டுக்கானவை என்பது நினைவிருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் நாள் எதையும் சமைக்காமல், கையேட்டில் சொன்னபடி உச்சச் சூட்டில் அரை மணி, முக்கால் மணி வெறுமனே ஓட்டி, தொழிற்சாலை எண்ணெயை எரித்துவிடுங்கள். அடுத்த நாள் கோழித் தொடை வைக்கலாம். ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், பிழைபொறுக்கும் இறைச்சி. அடுத்து, பன்றி சாப்பிடுபவர்கள் அதன் தோள்கறியையும், மற்றவர்கள் செம்மறித் தோள்கறியையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் கொழுப்பு நிறைய, அரை மணி முன்னே பின்னே போனாலும் காய்ந்துவிடாது. வெள்ளாட்டுத் தொடையில் கொழுப்பு குறைவு, பாதியில் தாளில் சுற்றாவிட்டால் சக்கையாகிவிடும். பிரிஸ்கெட்டுக்கு அவசரம் வேண்டாம். பன்னிரண்டு பவுண்டு இறைச்சியை 225-ல் வைத்தால் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் பிடிக்கும். உங்கள் கருவி எந்த மூலையில் சூடாகிறது, எத்தனை மணிக்கு எவ்வளவு பெல்லட் தின்கிறது என்று பிடிபட்ட பிறகு அதற்கு ஒரு சனிக்கிழமை இரவை ஒதுக்குங்கள்.